புல் ஊறின தண்ணீர்

புல்லை ஏழு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் எப்படி நாறும் என்று கொசுக்காவைக் கேட்டால் சொல்வாள். முதல் நாள் பச்சை வாசனை. மூன்றாம் நாள் மாட்டுக்கொட்டகை. ஐந்தாம் நாள் டிரம்மின் மூடியைத் திறந்தால் கண் எரியும். ஏழாம் நாள் வாசனை மூக்கில் ஏறாது, நேராகத் தொண்டையில் இறங்கும். அந்த ஏழாம் நாள் தண்ணீர்தான் வேலைக்கு ஆகும் என்று லேப் மேடம் சொல்லியிருந்தார்.

சுகாதார அலுவலகத்தில் கொசு ஒழிப்பு வேலைக்கு இருந்தவர்கள் பத்துப் பேர். மேடம் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த அன்று ஒன்பது பேருக்கு ஒரே நேரத்தில் வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. கொசுக்காவுக்கு வரவில்லை. பதினோரு வருசமாக வீடு வீடாகப் போய்த் தொட்டியைத் திறந்து பார்த்தும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை இழுத்துத் தண்ணீரைக் கொட்டியும், பழைய டயரைக் கவிழ்த்தும் காய்த்துப்போன கை. 'நேத்துதானே வந்தே' என்று முகத்தில் கதவைச் சாத்துகிறவர்களைப் பார்த்தாயிற்று, நாயை அவிழ்த்து விடுகிறவர்களையும் பார்த்தாயிற்று. நாற்றத்துக்கா பயப்படப் போகிறாள்? பிள்ளைகள் 'கொசு அக்கா' என்று கூப்பிட்டது தேய்ந்து கொசுக்கா ஆகி, இப்போது மேலதிகாரிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மேடம் சொன்ன விஷயம் சின்னது. காலில் வெள்ளை வரி போட்ட அந்தப் பகல் கொசு, முட்டையிட நேரம் வந்ததும் கண்ட தண்ணீரில் போய் உட்காராது. இலையும் புல்லும் மக்கின தண்ணீராகப் பார்த்துத் தேடும். அங்கேதான் தன் குஞ்சுக்குத் தீனி இருக்கும் என்று அதற்கு வாசனையிலேயே தெரியும். அந்த வாசனையை நாம் காட்டினால் அது தானாக வரும். கறுப்புத் தொட்டியில் இந்தத் தண்ணீரை ஊற்றி, துணி சுற்றின பட்டைக் குச்சி ஒன்றைச் சாய்த்து வைத்தால், குச்சியில் முட்டையிட்டுவிட்டுப் போகும். தண்ணீரில் ஒரு சிட்டிகை மருந்துப் பொடி போட்டிருப்பதால் பொரிகிற புழு பிழைக்காது. வாரத்துக்கு ஒரு தடவை குச்சியை எடுத்து முட்டையை எண்ணினால் கொசு எந்தப் பக்கம் அதிகம் என்று பிடிபட்டுவிடும்.

"இத்தனை வருசம் நாம அதைத் தேடிப் போனோம், அக்கா. இனிமே அதுவா நம்மகிட்ட வந்து தன் விலாசத்தைச் சொல்லட்டும்," என்றார் மேடம். கொசுக்காவைவிடப் பத்து வயசு இளையவர். பூச்சிகளைப் பற்றிப் படித்தவர். பேசும்போது கண் இரண்டும் பளிச்சென்று ஆகிவிடும்.

இருபத்து நாலு தொட்டி கொடுத்தார். இரண்டு தெருவுக்குப் போதும். அந்த இரண்டு தெருவில்தான் ஒரே மாதத்தில் ஒன்பது பேருக்கு டெங்கு வந்திருந்தது. வீட்டுக்கு வீடு சலித்தாயிற்று, ஒரு புழுவைக்கூடக் காணோம். அதில் ஒரு தெருவில்தான் கொசுக்காவும் குடியிருந்தாள்.

வீட்டு முன்புறத்தில் அவள் புருசனின் வெல்டிங் பட்டறை. கேட்டும் ஜன்னல் கம்பியும் அடித்துக் கொடுக்கிறவர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார், அதையும் சிரிக்கிற மாதிரி பேசுவார். பின்கட்டு அறையில் அவருடைய தங்கை இருந்தாள். அவள் கணவன் நீண்ட தூரம் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

கொசுக்கா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது இந்த நாத்தனாருக்கு ஒன்பது வயசு. தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினதும், காதில் சீழ் வைத்தபோது மடியில் கிடத்தி மருந்து விட்டதும் அண்ணிதான். கொசுக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதனால் வரப்போகிற இந்தக் குழந்தையை அவள் பாதி தன் பங்காகவே வைத்துக்கொண்டிருந்தாள். பழைய மெல்லிசுப் புடவையைக் கிழித்து, விளிம்பு மடித்துத் தைத்து, இருபது துணி அடுக்கியாயிற்று. நாத்தனாருக்கும் பாசம்தான். ஆனால் ஒரு செல்போன் கடையில் பில் போடுகிறவள். நாலு பேர் முன்னால் 'எங்க அண்ணி கொசு வேலை' என்று சொல்ல நாக்கு கூசும். புல் தண்ணீர் வந்த பிறகு அந்தக் கூச்சம் மூக்குக்கும் வந்துவிட்டது. அண்ணி தெரு முனையில் திரும்பும்போதே பின்கட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும்.

மழை பெய்வதும் வெயில் கொளுத்துவதுமாக இருந்த வாரம் அது. முதல் குச்சிகளைக் கொசுக்கா வீட்டுக்கு எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் பழைய காலண்டரை விரித்து, பூதக்கண்ணாடியும் தையல் ஊசியுமாக உட்கார்ந்தாள். எள்ளை நாலாக நறுக்கினது போலக் கறுப்பாகத் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தன முட்டைகள். ஒன்றொன்றாக ஊசியால் தொட்டு எண்ணினாள். அவள் தெருவின் தொடக்கத்தில் ஆறு, எட்டு, பதினொன்று. நடுவில் முப்பது, நாற்பது. கடைசியில் தொண்ணூற்றைந்து, நூற்று முப்பத்திரண்டு. அடுத்த வாரமும் இதே வரிசையில்தான் ஏறியது.

தெருவின் கடைசியில் இருந்தது மூடிக் கிடக்கிற ஒரு ஜவுளிக்கடை. மூன்று மாடி. அண்ணன் தம்பி சண்டையில் கோர்ட்டுக்குப் போய், நாலு வருசமாக ஷட்டர் ஏறவில்லை. வாட்ச்மேன் மட்டும் ஒரு நாற்காலியோடு காவல் இருந்தார். கொசுக்கா அந்தக் கட்டிடத்தைச் சுற்றி மூன்று தடவை குனிந்து பார்த்தாள். சாக்கடை மூடி போட்டது. வாட்ச்மேன் குளிக்கிற வாளிக்குக்கூட அவர் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார். தரையில் கையளவு தண்ணீர் இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அதற்குள் காய்ச்சல் வீட்டுக்குள் வந்துவிட்டது. நாத்தனார் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. நெற்றியைத் தொட்டால் தோசைக்கல்லாகச் சுட்டது. கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிக்கிற மாதிரி வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்துகொண்டே வருகிறது, வயிற்றில் குழந்தையும் இருக்கிறது, இரண்டு உயிரையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வெல்டர் சுவரில் சாய்ந்தவர்தான், ஒரு மணி நேரம் அசையவில்லை.

மூன்றாம் நாள் கொசுக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணி, ஊர்ல இருக்கிற கொசுவை எல்லாம் வாசனை காட்டி நம்ம தெருவுக்குக் கூப்பிட்டது நீங்கதானே? முட்டையைக் கொண்டுவந்து சாப்பிடுற மேஜையிலயே வச்சீங்க. என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உங்க முகத்துல முழிக்க மாட்டேன்."

கொசுக்கா கஞ்சியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கரண்டியைக் கொடுக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தது படி இறங்கும்போதுதான் தெரிந்தது.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் சொன்னதைத் தெரு ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் மகளுக்கும் அந்த வாரம் காய்ச்சல் கண்டிருந்தது. அவர் தன் வண்டிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புத் தொட்டியைத் தூக்கி நடுத்தெருவில் போட்டு உடைத்தார். இருக்கிற கொசு போதாதென்று விருந்து வைத்து வேறு அழைக்கிறார்களாம் என்று கத்தினார். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் பதினெட்டுத் தொட்டி போய்விட்டது. மருந்துப் பொடியைப் பற்றியும் புழு சாகிறதைப் பற்றியும் கொசுக்கா வாசல் வாசலாக நின்று சொன்னாள். யார் காதிலும் ஏறவில்லை. பெற்ற பிள்ளை அனலாகக் கொதிக்கும்போது எவன் காது கொடுப்பான்? அவர்கள்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

அலுவலகத்தில் சூப்பர்வைசர் மனு ஒன்றைக் காட்டினார். தெருவில் முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மிச்சத் தொட்டிகளையும் எடுத்துவிடு, இந்த வம்பு நமக்கு வேண்டாம், வழக்கம்போலப் புகை அடிப்போம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது, அதுவரை காற்று அடிக்காமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்.

அன்றைக்கு வீட்டில் அடுப்புப் பற்றவைக்க அவளுக்குக் கை வரவில்லை. வெல்டர்தான் டீ போட்டார். சர்க்கரை போட மறந்த டீயை இரண்டு பேரும் அப்படியே குடித்தார்கள். நான் வைத்த தொட்டியால்தான் அவளுக்கு வந்திருக்குமோ என்று அவள் கடைசியில் கேட்டேவிட்டாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உன் முட்டைக் கணக்கு என்ன சொல்லுது?"

"ஜவுளிக்கடைப் பக்கம்தான் அதிகம்னு சொல்லுது. ஆனா அங்க தண்ணி இல்லையே."

"நான் கேட் அடிக்கிறேன். கொண்டுபோய் மாட்டினா சேரல. டேப்பை உடைச்சிடுவேனா? மறுபடி அளப்பேன்." பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அவ சின்னப் பொண்ணு, பயத்துல பேசறா. நீ பயத்துல வேலையை விட்றாத."

அந்த வார்த்தை அவளுக்குள் நேராக இறங்கியது. மிச்சம் இருந்த ஆறு தொட்டியை எடுக்கத்தான் உத்தரவு. எடுத்தாள். எடுத்ததை எங்கே வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்கு ஒட்டினாற்போல ஒரு தையல்கார அம்மாவின் மாடி வீடு. அந்த அம்மாவும் போன மாதம் காய்ச்சல் வந்து பிழைத்தவர், அதனால் எதற்கும் துணிந்திருந்தார். வாசலில் இரண்டு, முதல் மாடிப் படியில் இரண்டு, மொட்டைமாடியில் இரண்டு என்று வைத்தாள். இதுவரை தெருவை நீளத்தில் அளந்தோம், இனி உயரத்தில் அளப்போம் என்பதுதான் அவள் கணக்கு.

நாலாம் நாள் குச்சிகளை எடுத்து அந்தத் தையல் மெஷின் பலகையிலேயே வைத்து எண்ணினாள். வாசலில் நாற்பத்தொன்று. முதல் மாடியில் நூற்றுப் பதினெட்டு. மொட்டைமாடிக் குச்சியில் துணியே தெரியவில்லை. எண்ணி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இருநூற்று எழுபத்து நாலு. தப்பாக இருக்குமோ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அதே இருநூற்று எழுபத்து நாலு.

கொசு தரையில் இல்லை. மேலே இருக்கிறது.

அவள் சூப்பர்வைசரிடம் போகவில்லை. நேராக மேடத்துக்குப் போன் போட்டு மூன்று எண்ணையும் சொன்னாள். மேடம், அங்கேயே இருங்கள் என்று மட்டும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் கையெழுத்துப் போட்ட உத்தரவு. காய்ச்சல் பரவுகிற சமயத்தில் எந்தப் பூட்டையும் திறந்து பார்க்கச் சுகாதார அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு, கோர்ட் வழக்கு அதற்குக் குறுக்கே வராது என்று வாட்ச்மேனுக்கு எடுத்துச் சொன்னார். விஷயம் காதில் விழுந்து சூப்பர்வைசரும் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

வாட்ச்மேன் சாவியைக் கொடுக்கத் தயங்கவில்லை. அவர் மனம்தான் புண்பட்டிருந்தது. மாடித் தொட்டியை நான்தானே மழைக்கு முன்னால் காலி பண்ணி, கவிழ்த்தே வைத்தேன் என்று படி ஏறுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். மேலே போய்ப் பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தொட்டி கவிழ்ந்து கிடந்தது. தரை பெருக்கிவிட்ட மாதிரி இருந்தது. உச்சி வெயிலில் காங்கிரீட் பொரிந்தது. சூப்பர்வைசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பார்த்தாயிற்றா, போகலாமா என்றார். மேடம்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

கொசுக்காவின் முழங்கையில் சுருக்கென்றது. பார்த்தால், காலில் வெள்ளை வரி. அடிக்கக் கை ஓங்கினவள் அடிக்கவில்லை. அது எழுந்து பறந்த பக்கம் பார்த்தாள். தெருவைப் பார்த்த கைப்பிடிச் சுவரின்மேல் கடையின் பெயர்ப்பலகை நின்றது. 'ஜவுளி மாளிகை' என்று ஆறு எழுத்து. ஒவ்வொன்றும் ஆள் உயரம். தகரத்தில் பெட்டி மாதிரி செய்து, உள்ளே விளக்கு வைத்து, முன்பக்கம் சிவப்புப் பிளாஸ்டிக் மூடியது. கீழே தெருவிலிருந்து பதினோரு வருசமாக அவள் அதைப் படித்திருக்கிறாள். முதுகுப் பக்கத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். உச்சித் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகக் கிடந்தது.

கிட்டே போய், தேங்காய் வாங்குகிறவள் மாதிரி விரலை மடக்கித் தட்டினாள். முதல் எழுத்து மேலே தட்டினாலும் கீழே தட்டினாலும் டண் டண் என்றது. வெற்றுத் தகரம். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது இடுப்பு உயரத்துக்குக் கீழே தொப்பென்றது. நாலாவது, 'மா', தோள் மட்டத்திலிருந்தே தொப் தொப் என்று கனமாகப் பேசியது.

"மேடம், எழுத்து பூரா தண்ணி," என்றாள்.

சூப்பர்வைசர் தானும் வந்து தட்டிப் பார்த்தார். ஒரு தடவை தட்டினவர் மறுபடி தட்டினார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எட்டு மாதமும் ஓய்வும் இல்லை. உன் வீட்டுக்காரரைத் துளை போடுகிற மெஷினோடு உடனே வரச் சொல்லு என்றார்.

வெல்டர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது கீழே தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். நாலைந்து பேர் மாடிக்கே வந்துவிட்டார்கள், இஸ்திரிக்காரரும் அதில் இருந்தார். வெல்டர் குனிந்து 'மா'வின் அடிவயிற்றில் துளைக் கருவியை வைத்து அழுத்தினார். தகரம் கிறீச்சிட்டது. கருவியை உருவினார். விரல் பருமனுக்குப் பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையை நனைத்துக்கொண்டு தரையில் விழுந்தது. மக்கின இலையும் பறவை எச்சமும் ஊறி ஊறிப் புளித்த தண்ணீர். அந்த வாடை வந்ததும் கொசுக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே அவளுடைய டிரம்மின் ஏழாம் நாள் வாடை.

தண்ணீரோடு புழுக்களும் வந்தன. ஆயிரக்கணக்கில். சுடுகிற காங்கிரீட்டில் வளைந்து நெளிந்து, தண்ணீர் ஓடி வற்ற வற்ற, அங்கங்கே கறுப்புக் கோடாக அடங்கின. நாலு எழுத்தில் தண்ணீர் இருந்தது. 'மா'வில் மட்டும் நாலு குடம். இஸ்திரிக்காரர் உட்கார்ந்து ஒரு விரலால் அந்தக் கறுப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். தலைக்கு மேல் இதை வைத்துக்கொண்டு நான் உன் தொட்டியை உடைத்தேனே அம்மா என்று மெதுவாகச் சொன்னார்.

"அது போகட்டும்ணே. வேலை இன்னும் முடியல," என்றாள் கொசுக்கா. "தண்ணிதான் போச்சு. பறக்கிறது அப்படியே இருக்கு. இனிமே அதுங்க முட்டையிட இடம் தேடி உங்க வீட்டுக்குள்ளதான் வரும். அதுக்கு முந்தி நாம வாசனை காட்டணும். வீட்டுக்கு ரெண்டு தொட்டி வைக்கணும். வைப்பீங்களா?"

வைத்தார்கள். தொட்டி போதாமல், பெயிண்ட் டப்பாக்களுக்குக் கறுப்புப் பூசி வைத்தார்கள். இஸ்திரிக்காரர் தன் வண்டியிலேயே புல் தண்ணீர் டிரம்மை ஏற்றி இரண்டு தெருவுக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் கோப்பை கோப்பையாக வாங்கி ஊற்றினார்கள். யார் வீட்டுக் குச்சியில் அதிக முட்டை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குள் போட்டியே வந்துவிட்டது. வெல்டர் ஆறு எழுத்துக்கும் அடியில் துளை போட்டு, உச்சிக்குப் புதுத் தகரம் வைத்து மூடினார்.

முதல் வாரம் குச்சிகள் கறுத்துக் கிடந்தன. தெருவில் இருந்த கொசு அத்தனையும் போக்கிடம் இல்லாமல் அந்தத் தொட்டிகளில் வந்துதான் முட்டையைக் கொட்டியிருந்தன. மொத்தம் மூவாயிரத்தைத் தாண்டியது. இரண்டாம் வாரம் நானூறு. மூன்றாம் வாரம் முப்பத்தாறு. நாலாம் வாரம் மேடமும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து அறுபது குச்சியையும் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். துணி வெளுப்பாக இருந்தது. அறுபதிலும். பதினேழு நாளாகப் புதுக் காய்ச்சல் ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்தும் தாள் வந்திருந்தது. மேடம் எழுந்து வந்து கொசுக்காவை இறுகக் கட்டிக்கொண்டார்.

நாத்தனார் அதற்கு முன்னாலேயே பிழைத்துக்கொண்டாள். எழுத்துக்குத் துளை போட்ட மறுநாள்தான் தட்டணு ஏறத் தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் ஒரு கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயச் சத்தத்தைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி தடதடவென்று அறை முழுக்கக் கேட்டது. கதவுக்கு வெளியே தயங்கி நின்ற அண்ணியை நாத்தனார் தானே கூப்பிட்டாள். பக்கத்தில் வந்ததும் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் அன்னைக்குச் சொன்னது..."

"நூத்தி மூணு காய்ச்சல்ல பேசினதை எல்லாம் யாராவது கணக்குல வைப்பாங்களா? பேசாம கேளு, எப்படி ஓடுது பாரு."

இரண்டு பேரும் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் கண் நிறைந்தது. டாக்டர் கருவியை எடுக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அடுத்த மாதம் நகரத்தின் எல்லா வட்டாரத்திலிருந்தும் கொசு வேலைக்காரர்களையும் அதிகாரிகளையும் வரவழைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். முந்நூறு பேர். இரண்டு தெருவில் நடந்ததை இனி எல்லாத் தெருவிலும் செய்யப் போகிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க யாரைக் கூப்பிடலாம் என்று மேலிடத்தில் கேட்டதற்கு, சூப்பர்வைசர் எழுந்து, பேச வேண்டியது நானும் இல்லை, மேடமும் இல்லை என்று சொல்லிவிட்டார். கொசுக்கா மேடை ஏறினாள். நாத்தனார் தன் கல்யாணப் புடவையைக் கொடுத்துக் கட்டிவிட்டிருந்தாள். முன் வரிசையில் பெரிய அதிகாரிகள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் வெல்டர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

மைக்கின் முன்னால் போய் நின்றாள். எழுதிக் கொண்டுவந்த தாளில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகினாள். ஓரத்தில் வைத்திருந்த டிரம்மை இழுத்து மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

"எனக்குப் பேச வராதுங்க, செய்யத்தான் வரும். இதுல புல் போட்டு ஏழு நாள் ஆச்சு. வேற ஒண்ணும் இல்ல, புல்லும் தண்ணியும்தான். கொசு எங்க இருக்குன்னு இது சொல்லும். நாம வாய மூடிக்கிட்டு எண்ணினாப் போதும்," என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்தாள்.

முன் வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. அதைப் பார்த்து இரண்டாம் வரிசையும், அதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும், என்ன ஏதென்று தெரியாமலே எழுந்தார்கள். கடைசி வரிசைக்கு இன்னும் வாடை போய்ச் சேரவில்லை. மரியாதைக்குத்தான் எழுந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்ட வெல்டர் இரண்டு கையையும் உயர்த்திப் பலமாகத் தட்ட ஆரம்பித்தார். தட்டல் பின்னாலிருந்து முன்னால் வந்தது. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த பெரிய அதிகாரி அதைக் கேட்டுவிட்டு, மூக்கிலிருந்து கையை எடுத்து, அவரும் தட்டினார்.